எல்லா ராசிக்கும் ஓய்வு

ஜூன் 24, திங்கள்

இன்று சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கும் வேலையில் சேர்ந்தேன். முப்பது வருடம் மாலைப் பத்திரிகையில் இந்தப் பகுதி நிருபராக இருந்துவிட்டு, ஏப்ரலில் வீட்டுக்கு வந்தவன். வீட்டில் பேச ஆள் இல்லை. அச்சக முதலாளி சுயம்புலிங்கம் அண்ணாச்சி கூப்பிட்டார், போய்விட்டேன்.

"நீங்க எழுதின செய்தில ஒரு பேரு தப்பா வந்து நான் பாத்ததில்ல, ரிப்போர்ட்டர். நம்ம காலண்டர் நாலு லட்சம் வீட்ல தொங்குது. ஒரு ராகு காலம் தப்பாப் போச்சுன்னா நாலு லட்சம் பேரும் எனக்குத்தான் போன் போடுவான்."

தினசரி காலண்டரில் நாம் கிழித்துப் போடும் ஒவ்வொரு தாளையும் நான் படிக்க வேண்டும். திதி, நட்சத்திரம், நல்ல நேரம், சூலம், கடைசியில் பன்னிரண்டு ராசிக்கும் ஒவ்வொரு சொல்லில் பலன். எனக்கு முன் இந்த நாற்காலியில் இருந்தவர் ஆவுடையப்பன். பங்குனியில் இறந்துபோனார். நாற்காலி சற்று இடப்பக்கம் சாய்கிறது.

ஜூன் 26, புதன்

கணினியில் பக்கம் அமைப்பவள் முனீஸ்வரி. முப்பது வயதிருக்கும். அவள் பயன்படுத்தும் மென்பொருளை இங்கே எல்லோரும் 'சோடி' என்கிறார்கள். மதுரையில் ஒருவர் இவர்களுக்கென்றே செய்து கொடுத்தது. திரையின் இடப்பக்கம் கட்டம் கட்டமாக அட்டவணை, ஒரு நாளுக்கு ஒரு வரிசை. வலப்பக்கம் அந்த நாளின் தாள், அச்சில் எப்படி வருமோ அப்படியே. கட்டத்தில் எண்ணை மாற்றினால் தாளில் மாறுகிறது. தாளில் சொல்லைத் திருத்தினால் கட்டமும் திருந்திவிடுகிறது. முன்பு அட்டவணை ஒரு இடத்திலும் பக்கம் ஒரு இடத்திலுமாக இருந்து, ஒன்றைத் திருத்தி மற்றதை மறந்து, நிறையத் தவறு வருமாம்.

ராசிபலன் யார் கணிக்கிறார்கள் என்று கேட்டேன். முனீஸ்வரி சிரித்தாள்.

"யாரும் கணிக்கல சார். போன வருசத்துப் பலன பதினேழு நாளு தள்ளிவிட்டா இந்த வருசத்துப் பலன். அவ்வளவுதான்."

விதிகள் உண்டு. ஒரு தாளில் ஒரே சொல் இரண்டு முறைக்கு மேல் வரக்கூடாது. தீபாவளியன்றும் சித்திரை முதல் நாளன்றும் 'செலவு', 'பகை' கூடாது. 'விபத்து', 'நோய்' போன்றவை சொற்பட்டியலிலேயே கிடையாது. நல்ல ஏற்பாடு. பத்திரிகையில் எங்களுக்கு அந்த வசதி இருக்கவில்லை.

ஜூன் 27, வியாழன்

அடுத்த வருடம் மார்ச் 20ஆம் தேதித் தாளில் ஒரு பிழை. பன்னிரண்டு ராசிக்கும் 'ஓய்வு' என்றே வந்திருக்கிறது. திருத்தினேன். மேஷம் நன்மை, ரிஷபம் வரவு, மிதுனம் அலைச்சல் என்று கடைசி வரை. கட்டங்களும் திருந்தின. பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

மின்கட்டணம் கட்டினேன்.

ஜூன் 28, வெள்ளி

காலையில் திறந்தபோது மார்ச் 20இல் மறுபடியும் பன்னிரண்டு ஓய்வு. முனீஸ்வரியிடம் கேட்டேன். தொடவில்லை என்றாள். திருத்தினேன். திருத்திய தாளைக் காகிதத்தில் எடுத்துக் கையெழுத்திட்டு மேசை இழுப்பறையில் வைத்தேன்.

ஜூலை 1, திங்கள்

இழுப்பறையில் இருக்கும் காகிதத்தில் திருத்தம் அப்படியே இருக்கிறது. திரையில் ஓய்வு.

மதுரைக்காரரைப் போனில் பிடித்தேன். எந்தக் கட்டத்தை யார் எப்போது மாற்றினார்கள் என்று சோடி குறித்துவைக்குமாம். அங்கிருந்தே பார்த்துச் சொன்னார்.

"சார், மத்த தாள்ல நீங்க செஞ்ச திருத்தம் எல்லாம் வரிசையாத் தெரியுது. ஆனா மார்ச் இருபது பலன் கட்டத்தை மட்டும் யாரும் தொடவே இல்லனு காட்டுது."

"நான் ரெண்டு தடவ திருத்திருக்கேன்."

"தொடவே இல்லனுதான் சார் காட்டுது. நீங்க வேற தேதியத் திருத்திட்டீங்களோ?"

என் வயதைக் கணக்கில் வைத்துக் கேட்கிறார். கோபப்படவில்லை. பேட்டி எடுக்கப் போன இடங்களில் இதைவிட அதிகம் கேட்டிருக்கிறேன்.

ஜூலை 3, புதன்

போன வருடப் பலனைத் தள்ளிப் போடுவதால், பிழை பழைய அட்டவணையிலிருந்து வந்திருக்க வேண்டும். இது நேரான விளக்கம். பழைய காலண்டர்களைப் பார்க்கலாம் என்றால், ஊரில் யார் வீட்டிலும் இருக்காது. நாள் முடிந்தால் கிழித்துவிடுகிறோம். அச்சகக் கிடங்கில் மட்டும் வருடத்துக்கு ஒன்று கிழிக்காமல் மாட்டிவைத்திருக்கிறார்கள். மதியம் முனீஸ்வரி சாவி வாங்கி வந்தாள். இருவரும் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினோம்.

சோடி வந்த பிறகு அச்சானவை நான்கு காலண்டர்கள். மூன்றில் ஏதோ ஒரு தேதியில் பன்னிரண்டு ஓய்வு இருக்கிறது. மூன்றும் வேறு வேறு மாதம். பதினேழு நாள் கணக்குக்கு எதுவும் பொருந்தவில்லை. நாலு லட்சம் பேர் அதைக் கிழித்திருக்கிறார்கள். ஒருவரும் போன் போடவில்லை.

மீதி ஒன்றில், அதாவது போன வருடத்துக் காலண்டரில், அப்படி ஒரு தாள் இல்லை.

"அதுலயும் இருந்துச்சு சார்," என்றாள் முனீஸ்வரி. "ஆவுடையப்பன் அண்ணாச்சி பாத்துட்டாரு. திருத்தத் திருத்த வருதுன்னு சொல்லி, திருத்தின கையோட அன்னைக்கே அச்சுக்குப் பிளேட் போட வச்சுட்டாரு. அதனால அது மட்டும் சரியா அச்சாயிருச்சு."

"எந்தத் தேதினு ஞாபகம் இருக்கா?"

"அக்டோபர் ஒம்பது. எங்க கல்யாண நாளுக்கு மறுநா. அதான் மறக்கல."

அந்த அக்டோபர் 9ஐ எனக்குத் தெரியும். ஊருக்கு மேற்கே ஒரு பட்டாசு ஆலை, கலவை அறை. முதலில் போய்ச் சேர்ந்த நிருபர் நான்.

கிடங்கில் காற்று இல்லை. சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தோம். சமையல் கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்தேன்.

ஜூலை 5, வெள்ளி

பழைய அலுவலகத்தில் ஞானதுரையைக் கூப்பிட்டு, மற்ற மூன்று தேதிகளில் ஆலை விபத்து ஏதும் உண்டா என்று பார்க்கச் சொன்னேன். மாலையில் பதில் சொன்னான்.

"ஒண்ணும் இல்லண்ணே. அதுல ஒரு நாளு செய்தியே கிடைக்காம, பஞ்சாயத்துக் கூட்டம் தள்ளிவச்சத தலைப்புச் செய்தியாப் போட்டுருக்கோம். எதுக்குண்ணே கேக்கீக? புக்கு எழுதப் போறீகளா?"

வருடத்தில் பெரும்பாலான நாட்களில் விபத்து நடப்பதில்லை. எந்த மூன்று தேதியை எடுத்தாலும் இப்படித்தான் இருக்கும். ஒரு தேதியை வைத்து எதையும் நிறுவ முடியாது. இளம் நிருபர்களுக்கு நானே இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

ஜூலை 8, திங்கள்

முனீஸ்வரியின் கணவர் அவளை அழைத்துப்போக பைக்கில் வந்திருந்தார். பெயர் மாரிச்செல்வம். கிழக்கே ஒரு பட்டாசு ஆலையில் வேலை. எத்தனை முறை கழுவினாலும் போகாத அலுமினியப் பொடியின் சாம்பல் மினுமினுப்பு விரல் இடுக்குகளில் இருந்தது. என்ன வேலை என்று கேட்டேன்.

"மருந்துக் கலவை சார்."

பிறகு சிரித்துக்கொண்டே, "நீங்கதான் இப்பப் பலன் போடுதீகளாமே. எனக்கு விருச்சிகம். வருசம் பூரா அலைச்சல், தாமதம், செலவுன்னே போட்டுத் தொலையிறாக. ஒரு நாளாவது ராஜயோகம்னு போடுங்க சார், நானும் சட்டையத் தூக்கி விட்டுக்கிட்டுத் திரியுதேன்" என்றார்.

"அந்தாளு குடுத்து வச்சது அவ்வளவுதான் சார், நீங்க எதப் போட்டாலும்," என்றாள் முனீஸ்வரி. பைக்கில் ஏறிய பிறகு அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளும் நானும் அன்று முழுக்க மார்ச் 20ஐப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

"அத அப்படியே விட்டுருவோமா சார்?" என்று கேட்டாள்.

எதை என்று நான் கேட்கவில்லை. மெய்ப்புப் பார்ப்பவன் பிழை என்று தெரிந்து விடக்கூடாது என்றேன். சரி சார் என்றாள்.

ஜூலை 22, திங்கள்

பௌர்ணமி நேரங்களில் நிறையத் திருத்தம். மார்ச் 20ஐப் பார்க்க நேரம் இல்லை.

ஜூலை 25, வியாழன்

நேரம் இல்லை.

ஜூலை 29, திங்கள்

ஆடிப்பெருக்கன்று பூஜை போட்டு அச்சு தொடங்குவது இங்கே வழக்கம். அதற்கு முன் அண்ணாச்சி மெய்ப்புக் கட்டை வாங்கி, கட்டைவிரலால் தாள்களைச் சரசரவென்று ஓடவிடுவார். படிக்க மாட்டார். சும்மா ஒரு திருப்திக்கு. இன்று ஓடவிட்டார். மார்ச்சில் நின்றது.

"ரிப்போர்ட்டர். இது என்ன?"

நான் போய்ப் பார்த்தேன். பார்க்காமலே தெரியும்.

"பன்னெண்டு ராசிக்கும் ஓய்வா? ஊரு பூராம் வெத்தல போட்டுட்டுப் படுத்துக்கிடவா? நாலு லட்சம் பேரு சிரிப்பான்யா. உங்க கண்ணுல இது எப்படிப் படாமப் போச்சு?"

சொல்வதற்கு ஒரு காரணம் வேண்டும். அச்சில் போடக்கூடிய காரணம் ஒன்றும் என்னிடம் இல்லை. "பழைய தாள்லயும் இப்படி வந்திருக்கு அண்ணாச்சி. யாரும் ஒண்ணும் சொல்லல" என்று மட்டும் சொன்னேன்.

"சொல்லலைன்னா? என் கண்ணு முன்னாடி இப்பமே திருத்தும். இப்பமே பிளேட்டுக்கு அனுப்பும்."

முனீஸ்வரி தண்ணீர் குடிக்கப் போனவள் வரவில்லை. நானே அவள் இடத்தில் உட்கார்ந்து அடித்தேன். பதினோரு சொற்களை வந்த வரிசையில் போட்டேன். விருச்சிகத்துக்கு மட்டும் சற்று யோசித்து, 'கவனம்' என்று போட்டேன். பத்து நிமிடத்தில் தாள் பிளேட் அறைக்குப் போய்விட்டது. அண்ணாச்சி முதுகில் தட்டிக்கொடுத்தார்.

முனீஸ்வரி திரும்பி வந்து திரையைப் பார்த்தாள். வீட்டுக்குப் போகும்போது வருகிறேன் என்று சொல்லவில்லை.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. பூஜை. சர்க்கரைப் பொங்கல். மதியம் இயந்திரம் ஓடத் தொடங்கியது.

டிசம்பர் 14, சனி

புதுக் காலண்டர் எங்கும் வந்துவிட்டது. மளிகைக் கடைக்காரர் ஒன்று, மருந்துக் கடைக்காரர் ஒன்று என்று கையில் திணித்தார்கள். என் சுவரில் மாட்டியது நாங்கள் செய்ததுதான். மார்ச் 20ஐத் தூக்கிப் பார்த்தேன். விருச்சிகம், கவனம். பிசிறில்லாத அச்சு.

திங்கள் காலையில் சோடியைத் திறந்து பழைய கோப்பைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன்.

டிசம்பர் 16, திங்கள்

பார்த்தேன். அங்கே இன்னும் ஓய்வுதான்.

மார்ச் 17, திங்கள்

வீட்டில் பழைய மர பீரோ இருக்கிறது. ரொம்ப நாளாக அதைப் பின்னறைக்கு நகர்த்த நினைத்திருந்தேன். ஒற்றை ஆளால் முடியாது. மாரிச்செல்வத்திடம் வியாழக்கிழமை வர முடியுமா என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கிழம வாரேன் சார்."

வியாழக்கிழமை வந்தால் வசதி என்றேன்.

"வியாழக்கிழம என்ன சார் விசேசம்? பீரோவுக்கு நாளு பாக்கீகளா? பங்குனித் திருவிழா ஆர்டரு கழுத்த நெரிக்கி சார். போர்மேன் ஒரு நாளு லீவுக்கே மூஞ்சியத் தூக்குதாரு. நாலு பேரு இருக்கிற அறையில இப்ப ஒம்பது பேரு இருக்கோம். அன்னன்னைக்குக் கலந்தத அன்னன்னைக்கே தீக்கணும்னு சட்டம். மிச்சத்த டின்ல மூடி மறுநாளைக்கு வைக்கச் சொல்லுதாரு."

இதையெல்லாம் ஏதோ கல்யாண வீட்டுச் சமையல் போலச் சொன்னார். முனீஸ்வரி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளும் அவரிடம் என்னவெல்லாமோ சொல்லிப் பார்த்திருப்பாள் என்று முகத்தில் தெரிந்தது.

மார்ச் 19, புதன்

பென்ஷன் விஷயமாக வெளியே போக வேண்டியிருந்தது. பட்டாசு ஆலைகளைச் சோதனையிடும் அலுவலகம் போகிற வழிதான். எதிரே டீ குடித்தேன். ஜெபராஜ் இன்னும் அங்கேதான் இருக்கிறார். தலை முழுக்க நரைத்துவிட்டது. நான் செய்திக்கு அலைந்த காலத்தில் இளம் அதிகாரி. எண் மாறவில்லை என்றார்.

மார்ச் 20, வியாழன்

காலையில் ஜெபராஜுக்குப் போன் செய்தேன். நலம் விசாரித்தேன். சற்று நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

எட்டரைக்கு அச்சகம். முனீஸ்வரி எனக்கு முன்பே வந்திருந்தாள். கணவர் வழக்கம்போல ஆலை வேனில் ஏறிப் போய்விட்டார் என்றாள். நேற்று இரவு அவர் செருப்பை ஒளித்துவைத்தாளாம். பக்கத்து வீட்டுக்காரரின் செருப்பைப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார்.

இருவரும் வேலை பார்க்கவில்லை. அவள் ஒரு கல்யாணப் பத்திரிகையைத் திறந்துவைத்து ஒரே வரியை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டிருந்தாள். பத்தரைக்குக் கிழக்குப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. அவள் எழுந்துவிட்டாள். லாரி டயர் என்று சொன்னேன். அந்தச் சத்தத்தையும் இந்தச் சத்தத்தையும் எனக்குப் பிரித்துத் தெரியும். அவள் உட்காரவில்லை.

அண்ணாச்சி இரண்டு முறை எங்கள் அறைக்கு வந்தார். ஒன்றும் கேட்காமல் ஜன்னல் வழியே கிழக்கே பார்த்துவிட்டுப் போனார். மூன்றாவது முறை வந்து, "மழ வாரது மாதிரி இருக்கோ?" என்றார். வானம் வெளுத்துக் கிடந்தது.

பன்னிரண்டரைக்கு மாரிச்செல்வம் வாசலில் வந்து நின்றார். கை சுத்தமாக இருந்தது. காலில் யாருடையதோ பெரிய செருப்பு.

"ரெய்டு சார். நாங்க வேலையில கை வைக்குமுன்ன வந்துட்டாக. ஆள எல்லாம் வெளியேத்திட்டு அறை அறையாத் தொறந்தாக. நேத்து மூடி வச்ச டின்னத் தொட்ட ஆபீசரு கைய உதறிட்டாரு. அம்புட்டுச் சூடு. தூரத்துல கொண்டு வச்சு, மண்ணப் போட்டுத் தண்ணிய ஊத்துனாக, புகையிது, புகையிது, அடங்கவே இல்ல. இப்ப சீல் வச்சுட்டாக."

முனீஸ்வரி திரையைப் பார்த்தபடி இருந்தாள். தோள் மட்டும் ஆடியது.

"எவனோ ஒரு வேலையத்தவன் போன் போட்டுக் குடுத்துருக்கான் சார்," என்றார் மாரிச்செல்வம். "ஊரான் பொழப்புல மண்ணள்ளிப் போடுதவன், அவன் வெளங்குவானா? திருவிழா நேரம். எங்க ஒம்பது பேரு வயித்தெரிச்சலும் அவனச் சும்மா விடாது, பாத்துக்கிடுங்க."

டீ வரவழைத்தேன். அண்ணாச்சி உள்ளே வந்து விவரம் கேட்டுக்கொண்டு, மாரிச்செல்வத்துக்கு வடையும் சேர்த்து வாங்கிவரச் சொன்னார். அவர் இப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. மாரிச்செல்வம் இரண்டு வடை தின்றார். பீரோவை இன்றைக்கே நகர்த்திவிடலாமா என்று கேட்டார்.

மாலையில் நகர்த்தினோம். பின்னறையில் வைத்ததும் கதவு பாதிதான் திறக்கிறது. பரவாயில்லை.

மார்ச் 28, வெள்ளி

மாரிச்செல்வம் வீட்டுக்கு வந்தார். ஒரு வாரமாக வேலை இல்லை.

"உங்களுக்குத்தான் அந்த ஆபீசுல எல்லாரையும் தெரியுமே சார். முனீஸ்வரி சொன்னா. ஒரு வார்த்த சொல்லிச் சீக்கிரம் தொறக்க வைங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

பார்க்கிறேன் என்றேன். யாரிடமும் பேசவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

ஆலை தானாகவே திறந்துவிட்டது. மாரிச்செல்வம் எனக்கு அரைக் கிலோ சேவு வாங்கி வந்தார். நான் பேசித்தான் திறந்தது என்று நம்புகிறார். மறுத்தேன். பெரிய மனுஷங்க இப்படித்தான் சொல்வாங்க என்றார். கலவை அறையில் இப்போது ஆறு பேராம். டின் வழக்கம் இல்லையாம், கொஞ்ச நாளைக்கு.

ஜூன் 23, திங்கள்

அடுத்த வருடத்துக் காலண்டர் வேலை இன்று ஆரம்பம். முனீஸ்வரி பலன்களைப் பதினேழு நாள் தள்ளிவிட்டாள். பிறகு வேறு எதுவும் செய்யாமல் இருவரும் ஜனவரியிலிருந்து பார்த்தோம். மார்ச், ஜூன், தீபாவளி, டிசம்பர் 31. பன்னிரண்டு ஓய்வு எந்தத் தாளிலும் இல்லை.

மதியம் அவள் தேடும் பெட்டியில் அந்தச் சொல்லை அடித்தாள். ஒரு கட்டத்தில்கூட இல்லை. மேஷத்துக்கு இல்லை, மீனத்துக்கு இல்லை. சாதாரணமாக வாரத்துக்கு ஒன்றிரண்டு வரும் சொல். பட்டியலில் இருக்கிறது. தாள்களில் இல்லை.

"காலைல தொறந்தா வந்து நிக்கும்ல சார்?" என்றாள்.

ஜூன் 24, செவ்வாய்

வரவில்லை.

ஜூன் 27, வெள்ளி

வரவில்லை. மதுரைக்காரரைக் கேட்டேன். இப்போதுதான் சார் எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்.

நேற்று மாரிச்செல்வத்துக்குப் பதவி உயர்வு. கலவை அறைக்கு அவர்தான் இனிப் பொறுப்பு. தீபாவளி ஆர்டர் தொடங்கிவிட்டதால் ஆட்களைக் கூட்டியிருக்கிறார்கள். முனீஸ்வரி எல்லோருக்கும் லட்டு கொடுத்தாள். என் மேசையில் வைத்த லட்டுக்குப் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் நின்றாள்.

ஜூன் 30, திங்கள்

இன்றும் இல்லை. பத்து மணி வரை பார்த்துவிட்டு, முனீஸ்வரி கீபோர்டை என் பக்கம் தள்ளிவைத்தாள்.

"நாமளே போட்டுருவோம் சார். பிளேட் போற அன்னைக்கு அண்ணாச்சிய நான் பாத்துக்கிடுதேன். அவரும் இந்தத் தடவ மெய்ப்புத் தாளத் தொட மாட்டாரு, பாருங்க. எந்தத் தேதினு மட்டும் சொல்லுங்க."

முப்பது வருடம் நான் எழுதிய தேதிகள் எல்லாம், நடந்து முடிந்த பிறகு எழுதியவை. இதை அவளிடம் சொன்னேன். அவள் புரிந்துகொண்டதாகத் தெரியவில்லை. புரிந்தும் கேட்கிறாளோ என்னவோ.

"எந்தத் தேதி சார்?"

ஜனவரி ஒன்றைத் திறக்கச் சொன்னேன். மேஷத்தில் இருந்த 'உற்சாகம்' என்ற சொல்லை அழித்து, ஓய்வு என்று அடித்தேன். பன்னிரண்டும் முடிந்ததும் ஜனவரி இரண்டைத் திறக்கச் சொன்னேன்.